தையல் ஆண்ட்டி மூன்று முறை அளந்தார்

தங்கைக்கு ஒன்பது வயது, பார்த்தால் ஆறு. உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் குறைவாகச் சுரக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, தினமும் சாயங்காலம் அவளுக்கு ஊசி போடுவது என் பொறுப்பானது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவப் பொறியியல் படித்தவள் நான்தானே. ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டினேன்: தேதி, வலது தொடை, இடது தொடை, வயிறு. கடைசிக் கட்டத்தில், மாதம் ஒருமுறை, உயரம்.

மூன்று மாதம் ஆகியும் அரை சென்டிமீட்டர்தான் கூடியிருந்தது. ஊசி பலிக்கவில்லையோ என்று அம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை. தவறு என்னுடையது. முதல் முறை காலையில் எழுந்ததும் அளந்தேன், பிறகெல்லாம் சாயங்காலம். பகலெல்லாம் நடமாடினால் முதுகெலும்பு அமுங்கி, எல்லாருக்கும் உயரம் கொஞ்சம் குறையும் என்று கிளினிக் தாதி போனில் சிரித்தார். அதோடு வீட்டில் என் அட்டவணைக்கு மரியாதை போயிற்று. கிளினிக்கில் அளக்க இன்னும் சில வாரங்கள் இருந்தன.

அதற்குள் தீபாவளி வந்தது. பாவாடை தைக்க ஈசூனில் எங்கள் வீட்டிலிருந்து லிட்டில் இந்தியாவில் வழக்கமான மாடித் தையல்கடைக்குப் போனோம். வழக்கமாக அம்மா உள்மடிப்பு வைக்கச் சொல்வாள். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். இரண்டு வருடமாக ஒரு மடிப்பையும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

"இந்தத் தடவை மடிப்பு வேணாங்க," என்றாள் அம்மா.

தையல் ஆண்ட்டி இடுப்பிலிருந்து கணுக்கால் வரை டேப் பிடித்தார். பழைய நோட்டைப் புரட்டினார். "போன வருஷம் தப்பா எழுதிட்டேன் போல. ஒரு இன்ச் கூட வருது." மறுபடி அளந்தார். "ஏய், எக்கி நிக்கிறியா?"

"இல்ல ஆண்ட்டி, குதிகாலைப் பாருங்க!"

மூன்றாம் முறையும் அதே ஒரு அங்குலம். காலின் நீளம், முதுகெலும்புக்கு இதில் வேலையே இல்லை. இதை நான் அம்மாவுக்கு விளக்க ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை.

"வளர்ற பிள்ளைக்கு மடிப்பு வேணாங்கிறீங்களே!" என்றார் ஆண்ட்டி.

எங்கள் வீட்டுப் பிள்ளையை யாரும் அப்படிச் சொல்லி வெகுநாளாயிற்று.

"வைங்க," என்றாள் அம்மா.

"மூணு இன்ச்!" என்றாள் தங்கை.

"நீ என்ன ஒட்டகச்சிவிங்கியா? ரெண்டு போதும் லா," என்றார் ஆண்ட்டி.

பேரம் இரண்டரையில் முடிந்தது. அம்மா புது அளவு எழுதிய நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து, துவாஸில் வேலையிலிருந்த அப்பாவுக்கு அனுப்பினாள். நாங்கள் படியிறங்குவதற்குள் போன் அடித்தது. தங்கை அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா, முதல்ல உட்காருங்க. அப்புறம்தான் சொல்வேன்."