வெங்கய்யா சாயபு கொடுத்த நிலம்

ஆரம்பாக்கத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் சின்னப் பள்ளிவாசலுக்கு நூறு வயது ஆனதும், அதன் கமிட்டித் தலைவர் அமானுல்லாவுக்கு வரலாறு எழுதும் ஆசை வந்துவிட்டது. பழைய இரும்பு வியாபாரி. தராசு முள்ளைத் தவிர வேறெதையும் உற்றுப் பார்த்தவரில்லை. ஆனாலும் எழுதினார். அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்த ஷேக் அப்துல்லா என்ற பெரியவர் கட்டிய பள்ளியாம் இது! கப்பல் எந்தக் கரையில் நின்றது என்று கேட்க ஆளில்லை. அதைப் பளிங்கில் வெட்டி வாசலில் பதித்தும் விட்டார்.

உண்மையில் தன் நிலத்தைக் கொடுத்துக் கட்டியவர் வெங்கய்யா சாயபு. வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் மெத்தைக்குப் பஞ்சு கொட்டிய தூதேகுலத்து முஸ்லிம். வீட்டில் தெலுங்கு, தொழுகையில் அரபு, பெயரில் பாதி பெருமாள். அந்தக் கூட்டத்தில் அப்படித்தான் பெயர் வைப்பார்கள். அவருடைய கொள்ளுப்பேத்தி மஸ்தானம்மா, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் இருபது வருஷமாக இட்லி ஊற்றுகிறவள். கல்லைப் பார்த்ததும் நேராகத் தலைவரிடம் போனாள்.

"இன்னா பாய், எங்க தாத்தா பேரு எங்க?"

"வெங்கய்யான்னு பள்ளிவாசல்ல எழுதுனா ஊரே சிரிக்கும்மா. உங்காளுங்க அப்போ அரைகொறை. நாமதான் திருத்திக்கணும்."

அரைகுறையாம்! அந்த அரைகுறை கொடுத்த நிலத்தில் நின்றுதான் இவர் முழுசாகத் தொழுகிறார். அன்றிலிருந்து மஸ்தானம்மா பஸ்ஸுக்குக்கூட அந்தத் தெரு வழியாகப் போகவில்லை.

ஆறு மாதம் கழித்து, சாலையை அகலப்படுத்த அளவெடுத்தவர்கள் பள்ளிவாசல் சுவரில் சிவப்புக் குறி போட்டார்கள். பத்திரத்தைக் காட்டு, இல்லையென்றால் புறம்போக்கு என்றார்கள். தலைவருக்கு விழி பிதுங்கியது. ஷேக் அப்துல்லா கப்பலில் பத்திரம் எதுவும் ஏற்றிவரவில்லையே! தானப் பத்திரம் இருந்தது மஸ்தானம்மாவின் பீரோவில்.

கமிட்டியோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நம்ம பள்ளி பூடும்மா."

அவளுக்கும் அதே பயம்தான். பள்ளியே போனால் தாத்தா பெயரை எந்தச் சுவரில் எழுதுவது? ஆனால் சும்மா தூக்கிக் கொடுக்க அவள் ஏமாளி இல்லை.

"தர்றேன் பாய். வெள்ளிக்கெழம தொழுக முடிஞ்சதும் மைக்குல நீங்களே முழுசா படிக்கணும்."

படித்தார். "பஞ்சு கொட்டும் தொழில், நாராயணப்பா சாயபு மகன் வெங்கய்யா சாயபு..." மைக்கைப் பிடித்தால் அரைமணி நேரம் மூச்சுவிடாத மனிதர், அந்த ஒரு வரிக்கு மூன்று முறை தண்ணீர் குடித்தார்.

அடுத்த வரி, "தொழ வருகிறவன் எவனானாலும், அவன் பெயரும் குலமும் கேளாமல்..."

தலைவர் பத்திரத்தை மடிக்கப் பார்த்தார். வாசலில் நின்ற மஸ்தானம்மா உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"இன்னா பாய் நிறுத்திட்டீங்க? அது உங்களுக்குத்தான். நல்லா கேக்கறா மாதிரி படிங்க."