மூன்று கைகளும் என் ஒரு முதுகும்

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஓர் ஆட்டோக்காரர் என் முதுகைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

முதலில் முதுகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னை பாடியில், லேத் பட்டறையில் வருஷக்கணக்கில் நின்ற இடுப்பு இது. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். அதற்கும் வலிக்கிறது. ஸ்கேன் பார்த்த டாக்டர், "பயப்பட ஒண்ணுமில்ல. வயசுக்கு வர்ற தேய்மானம்தான். பிசியோதெரபி போங்க" என்றார்.

பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே ஆரம்பிக்கும். ரிப்போர்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன் நான். 'டிஜெனரேட்டிவ்' என்று ஒரு வார்த்தை. வார்த்தையே இத்தனை நீளம் என்றால், நோய் எத்தனை நீளம் இருக்கும்?

அதனால் ஒரே ஒரு கையை நம்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்தில் ரேவதி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட். குப்புறப் படுக்க வைத்து, முதுகெலும்பைக் கணு கணுவாகக் கட்டை விரலால் அழுத்துவார். பிறகு எக்ஸர்சைஸ் சொல்லித் தந்து, வீட்டில் செய்யச் சொல்வார். நானும் நன்றாகத் தலையாட்டுவேன். பாடியில் ஏழுமலை அண்ணன், சுளுக்கு எடுப்பவர். சூடான எண்ணெய், முழங்கை, கடைசியில் ஒரு 'படக்'. பூந்தமல்லியில் காதர் பாய். முதுகில் கப்பைக் கவிழ்த்துக் காற்றை உறிஞ்சி எடுப்பார். தோல் பூரி மாதிரி உப்பும்.

எது நல்லது என்கிறீர்களா? ரேவதி அழுத்தினால் குனிவது லேசாகும். ஏழுமலை அண்ணன் தேய்த்தால் தூக்கம் வரும். காதர் பாயிடம் போய்வந்தால் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கும். ஆனால் மூன்று பேர் உப்புப் போட்ட குழம்பில் யார் உப்பு எது?

"வேற எங்கயாவது பாக்கறீங்களா?" என்று மூன்று பேருமே கேட்டார்கள். "சேச்சே... உங்க கைராசிதான்!" என்று மூன்று பேரிடமும் சொன்னேன். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. உண்மையைச் சொல்லி, கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டால்?

அதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. அப்புறம்தான் மல்லிகா வந்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. நாளெல்லாம் மெஷின் முன்னால் குனிந்தபடி. இடுப்பு வலியால் லீவு மேல் லீவு. "உடம்ப சரி பண்ணிட்டு வா, இல்லன்னா நின்னுக்க" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். ரேவதியிடம் வர ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காத்திருக்கிற பெஞ்சில் என்னைக் கேட்டார்.

"அண்ணே, இங்க நெஜமாவே கேக்குதா? எங்க வூட்டுக்காரரு, எண்ண போட்டு நீவுறவராண்ட போலாம்ங்கிறாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

அவர் வேலை ஊசலாடுகிறது. அது தெரிந்தும், உள்ளே ரேவதிக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"எனக்கு இவங்க கை மட்டும்தாம்மா. வேற எங்கயும் போனதில்ல. இப்ப பாரு... ஓடுறேன்!"

அடுத்த முறை மல்லிகா தன் கணவரையே அழைத்து வந்துவிட்டார். சேகர். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். "இந்த அண்ணன்தான்" என்று என்னைக் காட்டினார் மல்லிகா. ரேவதிக்கும் பெருமை தாங்கவில்லை.

"சார், மொதல்ல குனியவே முடியாம வந்தீங்கல்ல? இப்ப ஒரு தடவ குனிஞ்சு காட்டுங்க."

குனிந்தேன். சட்டை மேலே ஏறியது.

என் முதுகை நான் எங்கே பார்த்தேன்? காதர் பாய் வைத்த வட்டங்கள் கருஞ்சிவப்பாக அங்கேயே உட்கார்ந்திருப்பது எனக்கு எப்படித் தெரியும்?

"இன்னா சார், முதுவுல இட்லித் தட்ட வெச்சா மாரி கீது?" சேகர் சிரிக்க ஆரம்பித்தார். "எண்ண வாசன வேற தூக்குது! எத்தினி பேராண்ட போற நைனா?"

ரேவதி போய்க் கையைக் கழுவினார். அன்றைக்கு என்னை அவர் இன்னும் தொட்டிருக்கவேயில்லை.

மல்லிகாதான் கேட்டார். "அப்ப உங்களுக்கு எதுதாண்ணே கேட்டுது?"

"தெரியலம்மா."

அந்த அறையில் நான் சொன்ன முதல் உண்மை. சொன்ன நேரம்தான் சரியில்லை. சேகர் மனைவியைக் கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு மல்லிகா வரவில்லை.

நான் போனேன். போகாமல் ஒளிந்துகொண்டால் இன்னும் கேவலம் அல்லவா? ரேவதி எப்போதும் போலத்தான் அழுத்தினார். "அந்த மல்லிகா..." என்று இழுத்தேன்.

"அவங்களுக்கு நல்லா முன்னேற்றம் இருந்துது சார். காலைல யாரும் புடிக்காம தானா எழுந்திரிக்கிறேன்னு அதுக்கு முந்தின தடவதான் சொன்னாங்க."

நல்லவேளை, குப்புறப் படுத்திருந்தேன். முகத்தைக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

நேற்று அம்பத்தூரில் சேகரின் ஆட்டோவைப் பார்த்து, ஓடிப்போய் டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறினேன். திட்டுவார் என்று நினைத்தேன். மனுஷர் சிரித்த முகமாக வரவேற்றார்.

"வா சார்! அந்த கப்பு வெக்கிறவரு எங்க கீறாரு? அட்ரஸ் குடு. நீ ஜம்முனு நடந்துகினு வரியே, அதான் பெஸ்ட்டு போல. கம்பெனில இந்த மாசக் கடசி வரிக்கும்தான் டயம் குட்த்துகீறாங்க."

பார்த்தீர்களா? பிடிபட்ட பிறகும் என் பொய் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

"சேகர், என்னப் பாத்து எதுவும் முடிவு பண்ணாதீங்க. எனக்கு எதால சரியாச்சுன்னு எனக்கே தெரியாது. மல்லிகாவுக்கு அந்த பிசியோ கேட்டுது. காலைல தானா எழுந்திரிச்சாங்களாமே?"

"யாரு சொன்னா?"

"அவங்களேதான். ரேவதி மேடம்கிட்ட சொல்லியிருக்காங்க."

"என்னாண்ட சொல்லலியே?"

"நீங்க கேட்டீங்களா?"

முன்னால் யாருமே இல்லாத ரோட்டில் ஹாரன் அடித்தார்.

"அன்னிக்கி ஒண்ணு சொன்ன, இன்னிக்கி ஒண்ணு சொல்ற. இத்த மட்டும் எப்டி சார் நம்பறது?"

"நம்ப வேணாம். வீட்டுக்குப் போய் அவங்களக் கேளுங்க."

இறங்கிக்கொண்டேன். கேட்டாரா, இல்லை யாரிடமாவது அட்ரஸ் கேட்டுப் பூந்தமல்லிக்கு வண்டியைத் திருப்பினாரா... தெரியாது. எந்தக் கை ராசியான கை என்று ஊரெல்லாம் விசாரிக்கிறோம். வலிக்கிறவரிடம் மட்டும் கேட்பதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். முதுகு வலிக்கு எங்கே போகலாம் என்று தயவுசெய்து என்னைக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால்... நான் ஏதாவது சொல்லிவிடுவேன்.