எட்டாவது ஓட்டை

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை, எங்கோ படித்ததில்லை. என் வீட்டுக் கூடத்தில், என் கண்ணெதிரே, விளக்குகூடப் போடத் தேவையில்லாத சாயங்கால வெளிச்சத்தில் நடந்தது. பேய் பிசாசெல்லாம் நடுராத்திரியில்தான் வரும் என்று நம்பி, பகலில் நிம்மதியாக இருப்பவர்கள் இதைப் படிக்காமல் விடுவது நல்லது. நானும் அப்படி நிம்மதியாக இருந்தவள்தான்.

நான் தையல்காரி. புதுத்துணி தைப்பதைவிட, பழைய துணியைப் பிடித்துத் தைப்பதும் பிரித்து விடுவதும்தான் என்னிடம் அதிகம் வரும். ஆளைப் பார்த்தால் போதும், இடுப்பு எத்தனை, மணிக்கட்டு எத்தனை என்று கண்ணே அளந்துவிடும். என் வீட்டுக்காரர் ஒரு பெரிய ஓட்டலில் வரவேற்பில் நிற்பவர். பதினாறு வருடம் நின்ற பிறகு, போன வருடம்தான் அங்கே பொறுப்பாளர் ஆனார். கோட்டு, வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ... எல்லாம் இருந்தது. கையில் மட்டும் பிளாஸ்டிக் வாட்ச்.

எங்கள் பதினைந்தாவது கல்யாண நாளுக்கு ஒரு நல்ல வாட்ச் வாங்கிக் கொடுக்க நினைத்தேன். பழைய வாட்சுகள் விற்கும் கடை ஒன்று, மாடிப்படிக்குக் கீழே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய கடை. அங்கேதான் அதைப் பார்த்தேன்.

தங்க உறை. நாணயம் போல மெல்லிசு. பால் நிற முகப்பு ஓரங்களில் லேசாகப் பழுத்திருந்தது. எண்கள் இல்லை, முடி போன்ற கோடுகள்தான். இந்தக் காலத்துத் தடித்தடி வாட்சுகள் சட்டைக் கையை அரைத்துக் கிழித்து என்னிடம்தான் அனுப்புகின்றன. இதுவோ, அளவுக்காக நான் பையில் கொண்டுபோயிருந்த அவர் சட்டையின் கஃபுக்குள் சத்தமில்லாமல் வழுக்கிப் போய் உட்கார்ந்தது. கையை நீட்டினால் மட்டும் ஒரு மினுக்கு. எனக்குப் பசியே மறந்துபோனது.

“நொடி முள்ளே இல்லையே?” என்றேன்.

“விருந்துக்குக் கட்டிக்கிட்டுப் போற வாட்சும்மா. நொடியை எண்ணுறவன் எதுக்கு விருந்துக்குப் போறான்?” என்று சிரித்தார் கடைக்காரர். “காலையில சாவி கொடுக்கணும். இறுகினதும் விட்டுடுங்க.”

“யாருது இது?”

“நல்ல குடும்பம்தான். அந்த வீட்டம்மாவே கொண்டுவந்து கொடுத்தாங்க. பழைய வாரைத் தூக்கிப் போட்டுட்டேன். புது வார், பாருங்க.”

பழுப்புத் தோல் வார். ஏழு ஓட்டைகள். என் வீட்டுக்காரர் மணிக்கட்டு ஏழு இஞ்ச். கல்யாண நாளன்று அவர் கையில் கட்டிவிட்டபோது, கடைசி ஓட்டையில், அதாவது வாட்சுக்குப் பக்கத்தில் இருந்த ஏழாவது ஓட்டையில், கச்சிதமாக நின்றது.

அவர் அன்று முழுக்கக் கையை நீட்டி நீட்டிப் பேசினார். “டெய்லரம்மா, மணி என்னன்னு கேளேன்” என்று பத்து தடவை கேட்க வைத்தார். சின்னப் பிள்ளை மாதிரி.

வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை. அடுத்த வியாழன் சாயங்காலம், மேசையில் கிடந்த வாட்சைத் துடைக்க எடுத்தேன். எண்ணுவது என் தொழில் புத்தி. எண்ணினேன்.

எட்டு ஓட்டை.

“என்னங்க, என் இடுக்கியை எடுத்து ஓட்டை போட்டீங்களா?” பெல்ட்டுக்கு ஓட்டை போடும் இடுக்கி ஒன்று என் தையல் பெட்டியில் உண்டு.

“நான் எதுக்குப் போடணும்? ஏழாவதே சரியாத்தானே இருக்கு.”

“அப்போ எட்டாவது ஆகாயத்துல இருந்து குதிச்சுதா?”

“உன் பெட்டியைத் தொட்டா உயிரோட விடுவியா? நான் தொடுவேனா?”

சிரித்துவிட்டோம். கடையிலேயே எட்டு இருந்திருக்கும், நான்தான் தப்பாக எண்ணியிருப்பேன் என்று விட்டுவிட்டேன். பதினெட்டு வருடத் தொழிலில் நான் தப்பாக எண்ணியதே கிடையாது. அது அப்போது உறைக்கவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் அவர் வாட்சை எட்டாவது ஓட்டையில் கட்டியிருந்தார். “ஏழாவது லொடலொடங்குது” என்றார். அளந்தேன். ஆறே முக்கால் இஞ்ச்.

இங்கேதான் நான் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். சந்தோஷப்பட்டேன். நாள் முழுக்க நிற்கிற வேலை, தொப்பை கரைகிறது என்று நினைத்தேன். அவர் சட்டைகளையெல்லாம் பிரித்து, பக்கவாட்டில் அரை இஞ்ச் பிடித்துத் தைத்தேன். அடுத்த வியாழன் ஒன்பதாவது ஓட்டை இருந்தது. அதற்கு மறு வாரம் இன்னும் அரை இஞ்ச் பிடித்தேன். உடம்பு இளைக்க இளைக்க நான் துணியையும் இளைக்க வைத்துக்கொண்டே இருந்தேன். தையல்காரியைத் தவிர வேறு எந்தப் பெண்டாட்டியாக இருந்தாலும், தொளதொள சட்டையைப் பார்த்தே பயந்திருப்பாள். என் வீட்டில் எந்தச் சட்டையும் தொளதொளக்கவில்லை.

பத்தாவது ஓட்டை வந்தபோது அவருக்குக் கன்னம் ஒட்டிவிட்டது. ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தோம். “எல்லாம் சரியா இருக்கே” என்று டாக்டரே தலையைச் சொறிந்தார்.

“அந்த வாட்சைக் கொஞ்ச நாள் கழட்டி வைங்களேன்.”

“கழட்டினா கை வெறுமையா இருக்கு.”

“எனக்காக...”

“விடுன்னா விடு!”

பதினைந்து வருடத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அன்று அவர் தூங்கியதும் என் அளவு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஓட்டை வந்த தேதி ஒரு பக்கம். மணிக்கட்டு குறைந்த தேதி ஒரு பக்கம். பார்த்தேன்.

அவர் இளைத்ததால் ஓட்டை வரவில்லை.

ஓட்டைதான் முதலில் வந்தது. ஒவ்வொரு முறையும். மணிக்கட்டு, பின்னாலேயே போய் அதற்குள் நுழைந்தது.

ஆறாவது வியாழன். அவர் கூடத்து சோபாவில் வாட்சோடு தூங்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளறையில் மெஷினில் இருந்தேன். ஜன்னலில் நல்ல வெயில். சுவர்க் கடிகாரத்தில் மணி 5.24.

டக்.

மெஷினை நிறுத்தினேன். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். தோலை இடுக்கி கடிக்கும் சத்தம்.

பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. இறக்கினேன். இடுக்கி உள்ளேதான் இருந்தது. அதன் குழலில் மிளகு அளவு ஒரு தோல் வட்டம். பழுப்பு நிறம். புதுசு.

5.29. டக்.

இடுக்கி என் கையில் இருந்தது. அது அசையவில்லை. சத்தம் மட்டும் கூடத்திலிருந்து வந்தது.

டக்... டக்...

ஓடினேன்.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இடது கை நெஞ்சின் மேல். வாரில் வரிசையாகப் புது ஓட்டைகள். வாட்சின் உறையைத் தொடும் வரைக்கும். அந்தக் கடைசி ஓட்டையில் எந்த மனிதக் கையும் அடங்காது. எலும்புகூட அடங்காது.

“என்னங்க! எழுந்திருங்க!”

உலுக்கினேன். கண் திறக்கவில்லை.

உதடு மட்டும் அசைந்தது.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு... போடு கண்ணு...”

அவர் என்னை ஒருநாளும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. குரலும் அவருடையது இல்லை. வயதான குரல். வறண்ட குரல்.

வாரின் நுனி அசைந்தது.

நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். யாரோ மெதுவாக இழுப்பது போல, நுனி வளையத்துக்குள் ஊர்ந்தது. கொக்கி முள் ஒரு ஓட்டையிலிருந்து எழுந்தது. அடுத்ததில் இறங்கியது.

எழுந்தது. இறங்கியது.

அவர் விரல்கள் வெளுத்தன. பிறகு நீலம்.

கொக்கியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. தோல் சூடாக இருந்தது. உள்ளே ஒரு துடிப்பு. அவருடைய நாடி இல்லை அது. அவர் நாடியைவிட வேகமாக... பலமாக...

5.40.

உள்ளே ஓடினேன். என் பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வாருக்கும் தோலுக்கும் நடுவே கத்தரி நுழையவில்லை. அழுத்தினேன். ரத்தம் வந்தது. விடவில்லை.

கரக்.

வார் அறுந்தது.

மணி 5.42.

வாட்ச் தரையில் விழுந்தது. அவர் பெரிதாக மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தார். கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“யாரு இப்ப என் கையைப் பிடிச்சிருந்தது?”

நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அன்று இரவு அவர் இரண்டு தடவை சாப்பாடு கேட்டார்.

மறுநாள் வாட்சை ஒரு துணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். உள்ளதைச் சொன்னால் சிரிப்பார்களே! அதனால், “பழைய சொந்தக்காரங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடுறேன், நம்பர் மட்டும் கொடுங்க” என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

சாலையோரம் நின்றபடியே கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். அழுது ஓய்ந்த குரல்.

“உங்க வீட்டு வாட்சை வாங்கினவ பேசுறேங்க. உங்க வீட்டுக்காரர் இறந்ததுக்கு அப்புறம்தானே அதை வித்தீங்க?”

“இல்லம்மா. படுக்கையில இருந்தாரு. டாக்டர்லாம் கைவிட்டுட்டாங்க. உடம்பு குச்சியாப் போச்சு. ஆனா அந்த வாட்ச் மட்டும் கையில இறுக்கமா இருக்கணும் அவருக்கு. வாரா வாரம் வியாழக்கிழமை என்னைத்தான் ஓட்டை போடச் சொல்வாரு. ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு கண்ணு’ன்னு கெஞ்சுவாரு. என்னால பாக்க முடியலைம்மா. அவர் தூங்கும்போது கழட்டிக் கொண்டுபோய் வித்துட்டேன்.”

பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்புறம்?”

“அப்புறம்தான் அதிசயம். தேற ஆரம்பிச்சாரு. வாரா வாரம் சதை போட்டுச்சு. கன்னம் வந்துச்சு. போன வாரம் சோறு தானா எடுத்துச் சாப்பிட்டாரு. நேத்து எழுந்து நடக்கவே நடந்தாரு, தெரியுமா?” குரல் உடைந்தது. “நேத்து சாயங்காலம்... நல்லாப் பேசிக்கிட்டு இருந்தவரு... அஞ்சு நாப்பத்திரெண்டுக்குப் போயிட்டாரு.”

கையிலிருந்த வாட்ச் பொட்டலத்தைக் கீழே வைத்தேன்.

அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சினார்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமாம்மா?”

“...ம்.”

“கடைசியா அவர் காதைப் பொத்திக்கிட்டு, ‘கத்தரி, கத்தரி’ன்னு கத்தினாரு. எங்க வீட்டுல யாரும் அப்போ கத்தரியே எடுக்கலை.”

மூச்சு விடும் சத்தம் கேட்டது.

“உங்க வீட்டுல யாராவது தையல் வேலை பாக்குறாங்களா?”