படவேட்டு மலைப் படத்தில் மூட்டம் எடுத்தேன்

காலண்டர் போட்டிக்குப் படவேட்டு மலையை எடுக்கலாம் வா என்று, ஸ்டூடியோ வைத்திருக்கும் என் நண்பன் சேகரைக் காலையில் கூப்பிட்டேன்.

“அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லடா. வந்தவாசி டாக்டர்கிட்ட இட்டுகினு போவணும். உன் வண்டியக் குடு.”

கொடுத்தேன். கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே போனேன்.

ஜூம் லென்ஸில் தூரத்து மலையை எடுத்தால் எல்லாப் படத்திலும் வெள்ளை மூட்டம். சாயங்காலம் அவன் ஸ்டூடியோவிலேயே காட்டினேன். ஒரு படத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தான்.

“இத்த ஒண்ணும் பண்ணாதடா. மூட்டம் இருந்தாத்தான் மலைக்கு அழகு.”

படத்திலிருந்து மூட்டத்தை நீக்க எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். வீட்டுக்கு வந்து, அவன் சொல்லிக்கொடுத்தபடியே போட்டோஷாப்பில் வெளிச்சத்தைச் சரிசெய்யும் லெவல்ஸைத் திறந்து, கருப்பு முனையை மெதுவாக உள்ளே நகர்த்தினேன்.

மலை நீலமானது. மரங்கள் பச்சையாயின. அடிவாரத்தில் ஒரு பைக். மீந்த பட்டில் தைத்த மாம்பழ மஞ்சள் சீட் கவர். அந்தக் கிறுக்குத்தனத்தை ஆரணியில் என்னைத் தவிர யாரும் செய்ய மாட்டார்கள்.

பைக்குக்குப் பக்கத்தில் சேகர், கேமராவில் கண்ணை வைத்தபடி.

படத்தை இங்கே போட்டிருக்கிறேன், மூட்டம் இல்லாமல்.

அவன் அம்மாவுக்கு இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் யாராவது கீழே சொல்லுங்கள்.