சகலையின் ஸ்கேனரும் என் ஸ்கேனரும்

1. வாங்கிய கதை

நான் ஐந்தாவதோடு நின்றவன். உப்பளத்தில் மூட்டை தூக்கி, மரக்காணத்தில் ஜெராக்ஸ் கடை போட்டு, கடையை மகனிடம் விட்டுவிட்டு இப்போது வீட்டிலேயே புத்தகங்களை ஸ்கேன் செய்து தருகிறேன். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

என் மனைவியின் தங்கை வீட்டுக்காரன் ஏழுமலை, எனக்குச் சகலை. குயிலாப்பாளையத்தில் இருக்கிறான். டிகிரி படித்தவன். மேலே கேமரா வைத்த ஸ்டாண்டு ஸ்கேனரை அவன் வாங்கிவிட்டான் என்று கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"புக்கைப் பிரிக்காமலே எடுக்குதாம். பாக்கறதுக்கு லைட்டு மாதிரி அழகா இருக்குதாம்" என்றாள் மனைவி.

"லைட்டு வாங்கத்தான் அவன் லாயக்கு" என்றேன்.

மறுவாரமே புதுச்சேரி போனேன். கடைக்காரர், "என்ன மாதிரி புக்கெல்லாம் எடுப்பீங்க?" என்று கேட்டார்.

"எங்க சகலையோடதைவிட வேகமா எடுக்கணும்" என்றேன்.

தாளை இழுத்துக்கொள்ளும் ஃபீடர் ஸ்கேனர் ஒன்றைக் கொடுத்தார். ஒரே இழுப்பில் இரண்டு பக்கமும் விழும். ஒரு சங்கடம், புத்தகத்தின் முதுகை வெட்டித் தாள் தாளாகப் போட வேண்டும்.

2. கோடு விழுந்தது

பிரம்மதேசத்திலிருந்து ரிடையர் ஆன தமிழ் வாத்தியார் ஒருவர் வந்தார். அவர் அப்பாவின் வைத்தியப் புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. வெளியூரில் இருக்கிற மகள் போனில் படிக்க வேண்டுமாம். அந்த அலமாரி முழுவதும் எனக்கு வர வேண்டும், ஏழுமலைக்கு ஒரு புத்தகம்கூடப் போகக் கூடாது. என் மனதில் வேறு எதுவும் இல்லை.

"கட் பண்ணிட்டு மறுபடி பைண்ட் பண்ணித் தரேன் சார்."

"எங்கப்பா கையால தைச்சதுப்பா, கத்தி படக் கூடாது. இந்தா, இது தானா பிரிஞ்சது. இதைப் போட்டுக் காட்டு."

போட்டேன். எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழாக ஒரு கோடு.

"நான்கூட பரீட்சை பேப்பர்ல இவ்ளோ கோடு போட்டதில்லப்பா" என்றார்.

தோளில் கிடந்த துண்டால் ஸ்கேனர் கண்ணாடியைத் தேய்த்தேன். கோடு இரண்டானது. அப்புறம்தான் புத்தி வந்தது. இந்தக் கடற்காற்றில் வருவது வெறும் தூசி இல்லை, உப்பு. உப்பைத் தேய்த்தால் கீறும், ஈரம் காட்டினால் கரையும். உப்பளத்துக்காரனுக்கு இதைப் படித்தவன் வந்து சொல்ல வேண்டுமா? பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, ஒட்டப் பிழிந்த மெல்லிய துணியைக் கண்ணாடிப் பட்டைமேல் சற்று வைத்து எடுத்து, காய்ந்த துணியால் ஒற்றினேன். நல்லவேளை, கண்ணாடி கீறவில்லை, இரண்டு கோடும் போயின. தாளை இழுக்கிற ரோலரையும் அப்படியே துடையுங்கள். ஈரக்காற்றில் தாள் ஒட்டிக்கொண்டு இரண்டு இரண்டாக உள்ளே போகும், விசிறிவிட்டுப் போடுங்கள். வேலை முடிந்ததும் உறை மாட்டுங்கள்.

வாத்தியாருக்குத் திருப்தி. ஆனால், "பிரிஞ்சதெல்லாம் உனக்கு. தைச்சதெல்லாம் குயிலாப்பாளையத்துல குடுத்துக்கறேன்" என்றுவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

3. விரல் விழுந்தது

இரண்டு பேர் எடுத்ததையும் ஒரே பென்டிரைவில் ஏற்றித் தரச் சொன்னார் வாத்தியார். ஏழுமலையின் ஃபைல்கள் என் கைக்கு வந்தன. குறை தேடி ஒவ்வொரு பக்கமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் சுத்தமாக, நேராக இருந்தது. பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வந்தது. கடைசியில் ஒரு லேகியப் பக்கத்தில் மாட்டினான். உடனே போன் போட்டேன்.

"ஏம்பா சகலை, லேகியத்துல உன் கட்டைவிரல் விழுந்து கெடக்குது."

"எந்த இடத்துலண்ணே?"

"திப்பிலி எவ்ளோன்ற இடத்துல. வாத்தியார் பொண்ணு திப்பிலிக்குப் பதிலா உன் விரலைத்தான் இடிச்சுப் போடணும்."

சிரித்தான். "எல்லாப் பக்கமும் பாத்தீங்களா?"

"பின்ன? ஒண்ணு விடல."

"எடுத்தவன் நானே பாக்கலண்ணே. இனிமே என் புக்கெல்லாம் உங்களுக்கே அனுப்பறேன், பாத்துச் சொல்லுங்க."

அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்து அனுப்பினான். இன்றுவரை அவன் எடுக்கும் ஒரு புத்தகம்கூட என் கண்ணுக்குத் தப்பி வெளியே போனதில்லை.

பிள்ளைகளே, எடுக்கப்போகிற புத்தகத்தைப் பார்த்து மெஷினை வாங்குங்கள். எடுத்த பக்கத்தைச் சரிபார்க்க மட்டும், உங்களைக் கண்டால் வயிறு எரிகிற ஆளாகப் பார்த்துப் பிடியுங்கள். நான் என் பக்கங்களை ஏழுமலைக்கு அனுப்பினால், "சூப்பர்ண்ணே" என்று அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறான். அவனுக்கு என்மேல் பொறாமையே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.