நாக்பூர் வரைக்கும் நின்ற லாரிகள்

உள்ளறையிலிருந்து கந்தப்பனின் குரல் கேட்டது. பேசியது அவரல்ல; லாரிக்காரர்களுக்கு அவர் முன்பு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் போனில் ஓடியது.

“நம்ம நாமக்கல் வண்டிக்காரங்க எல்லாத்துக்கும் சொல்றேனுங்க. எம்பட ஊட்டுக்காரியும் பக்கத்து ஊட்டு நர்மதாவும் ஹைதராபாத் ரோட்ல நிப்பாங்க. பாத்தா ஏத்திக்குங்க சாமி. நாஞ் சொன்னேன்னு சொல்லீராதீங்க.”

முன்னறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி சௌந்திரத்தின் கை நின்றுவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சரவணக்குமாருக்கு அது கேட்கவில்லை. பந்தயத்தை நடத்தியவன் அவன்தான். இருவர் இருவராக, ஆளுக்கு ஆயிரம் ரூபாயோடு சேலத்திலிருந்து நாக்பூர் போய்ச் சேர வேண்டும். போன் கூடாது, தெரிந்தவர்கள் உதவி கூடாது. முதலில் சேருகிறவர்களின் ஊருக்கு, திரட்டிய நன்கொடையில் ஒரு டயாலிசிஸ் மெஷின்.

அந்த மெஷினுக்காகத்தான் நர்மதாவோடு சௌந்திரம் போனாள். லாரி ஓட்டியே ஓய்ந்த கணவர், ராசிபுரத்திலிருந்து சேலம் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு, அவள் தோளில் சாய்ந்தபடி பஸ்ஸில் திரும்புவதை இனியும் அவளால் பார்க்க முடியவில்லை. வெயிலில் கை நீட்டிய இடமெல்லாம் லாரிகள் நின்றன. தெய்வம்தான் நிறுத்துகிறது என்று ஒவ்வொரு டிரைவரையும் கும்பிட்டு அழுதாளே, பாவி!

“அக்கா, முதலா வந்தது நீங்கதானுங்க,” என்று சிரித்தபடி உட்கார்ந்தான் சரவணக்குமார். “தெரிஞ்சவங்க யாரும் உதவலீன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. மெஷின் உங்க ஊருக்குத்தான்.”

கந்தப்பன் சுவரைப் பிடித்தபடி வந்து நின்றார். உண்மையைச் சொல்ல வேண்டாம் என்பதுபோல் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“ரெண்டாவது வந்தது ஆரு தம்பி?”

“பரமத்திப் பக்கம் தங்கசாமின்னு ஒருத்தருங்க. மகளை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கிட்டு அவரும் ஈரோட்டுக்கு அலையறாரு.”

சௌந்திரம் காபியை அவன் முன்னால் வைத்தாள்.

“அவருக்கே குடுத்துருங்க. வண்டியெல்லாம் தானா நிக்கல. எங்க ஊட்டுக்காரர் சொல்லி வெச்சு நின்னுதுங்க.”

“ஏனுங்க இப்படி?” என்று அதிர்ந்துபோய் கந்தப்பனைப் பார்த்தான் அவன்.

“ஆயுசுக்கும் ரோட்ல கெடந்தவன் தம்பி நானு. பொண்டாட்டியை அந்த ரோட்ல உட்டுப்போட்டு எப்படித் தூங்கறது?”

காபியில் ஆடை படிந்தது. சரவணக்குமார் அதை ஒரே மூச்சில் குடித்தான். சௌந்திரத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்தான்.

“வாரேனுங்கக்கா.”

“பாத்துப் போ சாமி.”

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. கால் வலியெல்லாம் இப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல், சௌந்திரம் மெல்ல நடந்து போய்க் கதவைச் சாத்தினாள்.