எங்கள் லைனின் ஊர்ப்பெயர்கள்

பிய்ந்துபோன செருப்பு வாருக்கு சொல்யூஷன் தடவிக்கொண்டிருந்தேன். புதுசு வாங்கினால் என்ன என்று பேத்தி திட்டுவாள். ஷூ கம்பெனியில் பாதி ஆயுசைக் கழித்த எனக்கு அந்தப் பசை வாசனையை அவ்வப்போது காட்டாவிட்டால் மூக்கு கோபித்துக்கொள்ளும். கையெல்லாம் பசையாக இருக்கும் நேரம் பார்த்து போன் அடித்தது. பேத்தி ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள்.

"பெரிம்மா, நான் கேம்ப் மேரியோட பொண்ணு பேசுறேன்."

சொல்யூஷன் டப்பாவை மூடி வைத்தேன். அந்தப் பெண்ணுக்குத் தன்னைச் சொல்லிக்கொள்ள வேறு வழி இல்லை. அப்படிச் சொன்னால்தான் எனக்கு ஆள் தெரியும். அந்தப் பெயரை வைத்தவளே நான்தான்.

(இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் பேத்தி. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்பிலேயே என்னிடமிருந்து தப்பித்து ஓடிவிட்டது. பிழை இருந்தால் அவளைப் பிடியுங்கள்.)

கம்பெனி ராணிப்பேட்டைப் பக்கம். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற லைன் எங்களுடையது. மெஷின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் தும்மினால்கூடக் கேட்காது. செல்வி என்று கத்தினால் நாலு தலை திரும்பும். அதனால் எல்லோருக்கும் ஊர்தான் பெயர். ஒருத்தி நெமிலி, ஒருத்தி அரக்கோணம், நான் கணியம்பாடி. வீட்டில் என் புருஷனுக்கு நான் ‘ஏய்’. அப்படிப்பட்டவளை நாள் முழுக்க யாராவது "கணியம்பாடி!" என்று கத்திக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அம்மா வீட்டு வாசலில் நிற்பதுபோல இருக்கும். அந்த சுகம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் அதைச் செய்தேன்.

மேரி சிலோனிலிருந்து குழந்தையோடு படகில் வந்தவள். முகாமிலிருந்து வேலைக்கு வருவாள். ஏற்கெனவே லைனில் ரெண்டு மேரி. முதல் நாளே கேட்டேன், "இன்னா ஊரு நீ?"

"வங்காலை அக்கா. மன்னார்ப் பக்கம்."

"அதெல்லாம் எங்க வாய்ல நொழையாதும்மா. நீ கேம்ப்பு!"

லைனே சிரித்தது. புதுசாக வந்தவள், அவளும் சிரித்தாள். எனக்கு ஒரே பெருமை. நான் வாயைத் திறந்தால் நாலு பேர் சிரிக்க வேண்டும், அது எனக்கு அப்போதிருந்த வியாதி. இப்போதும் முழுசாக குணமாகவில்லை.

வாயில் நுழையாது என்றேனே, அது சுத்தப் பொய். அதே வருஷம் இத்தாலியிலிருந்து ஒருத்தர் புது மெஷின் சொல்லிக்கொடுக்க வந்தார். அவரும் கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்தான். ஆனால் அவர் ‘பாரின் சார்’. அவருடைய ஊர்ப் பெயர் வெற்றிலைப் பாக்கு மாதிரி நாலு தடவை மென்றால்தான் இறங்கும். அதை நாங்கள் போட்டி போட்டுக் கற்றுக்கொண்டோம். நான் சரியாகச் சொன்னதும் மனுஷன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிற்பாடு என் மகன் மஸ்கட் போனபோது தெருவில் அவன் ‘துபாய்க்காரன்’, நான் ‘துபாய்க்காரன் அம்மா’. மஸ்கட் வேறே துபாய் வேறே என்று நான் யாரையும் திருத்தவில்லை. நிமிர்ந்து நடந்தேன். மேரி மட்டும் அரசாங்கப் பேப்பரில் அகதி, லைனில் கேம்ப்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குத் தேங்காயும் காய்ந்த மிளகாயும் இடித்து ஒரு சம்பல் கொண்டுவந்தாள். எல்லார் டப்பாவிலும் ஒரு கரண்டி வைத்தாள். என் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, உங்கட சொல்லைத்தான் இஞ்ச எல்லாரும் கேக்கினம். என்னை வங்காலை எண்டு கூப்பிடச் சொல்லுங்கோவன். எல்லாருக்கும் ஊர் இருக்குதானே" என்றாள்.

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் சம்பல், எதிரே சிரிக்கக் காத்திருக்கிற நாலு முகம்.

"ஏ நெமிலி, கேம்ப்பு சட்னி சூப்பரா கீதில்ல!"

மேரி அன்றைக்குச் சிரிக்கவில்லை. டப்பாவைக் கழுவப் போய்விட்டாள். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. முகாமில் அதிகாரிகள் வந்து தலை எண்ணுகிற நாட்களில் அவள் சீக்கிரம் கிளம்ப வேண்டும். "கேம்ப்பு கெளம்பிடுச்சு டோய்!" என்று முதலில் கத்துகிற குரலும் என்னுடையதுதான்.

போனில் மகள் சொன்னாள்: "நாங்க சிலோனுக்கே, எங்க ஊருக்கே திரும்பி வந்துட்டோம் பெரிம்மா. அம்மாக்கு உங்க கூட பேசணுமாம்."

போனை அம்மாவிடம் கொடுத்தாள். இத்தனை வருஷம் கழித்து ஒரு தடவையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று தொண்டையைச் செருமினேன்.

"இன்னா வங்காலை, எப்டிக் கீறே?"

 மேரி சிரித்தாள்.

"இன்னாக்கா நீ! இங்க எல்லாருமே வங்காலைதான். அப்டிக் கூப்ட்டா ஊரே திரும்பிப் பாக்கும். என் பேச்சக் கேட்டுட்டு என்னை மட்டும் இந்தியாக்காரின்றாங்க."

நல்ல ராணிப்பேட்டைத் தமிழ். என்னைவிட ஜாஸ்தி. அவளுடைய பழைய பேச்சை எங்கள் லைனிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"லைன்ல இப்ப யாருக்கா கீறாங்க?" என்று ஆசையாகக் கேட்டாள்.

கம்பெனியை மூடியதையும், அந்த ஷெட் கல்யாண மண்டபம் ஆனதையும் சொன்னேன். மெஷின் இருந்த இடத்தில் இப்போது பந்தி போடுகிறார்கள்.

"அய்யோ" என்றாள். 

வங்காலை என்று சத்தமாகக் கூப்பிட்டால் அவள் ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்த்திருக்கக்கூடிய இடம் எங்கள் லைன் ஒன்றுதான். மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கிற தொண்டை அங்கே எனக்கு மட்டும்தான் இருந்தது.